தேர்வாளர் பக்கத்துக் கதவு

என் மனைவிக்குப் பத்து மணிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. தேர்வாளர் உட்காரும் பக்கத்துக் கதவோ ஒரு வாரமாகத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட காரைத் தேர்வுக்கு ஏற்க மாட்டார்கள். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றவளிடம், "நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, கதவின் உள்பலகையைக் கழற்றி, பூட்டுக்குப் புது மோட்டார் மாட்டினேன்.

ஒன்பதரைக்குச் சாவியின் பொத்தானை அழுத்தினேன். மற்ற மூன்று கதவுகளும் பூட்டிக்கொள்ள, இது மட்டும் திறந்துகொண்டது. மறுபடி அழுத்தினால் மூன்றும் திறந்தன, இது பூட்டிக்கொண்டது.

"அப்படியே உங்க தம்பிதான். சொல்றதுக்கு நேர் எதிரா செய்யுது," என்றாள்.

"மோட்டார்லயே கோளாறு," என்றேன்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு, தலைகீழா ஓடுது. ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுங்க."

மாற்றினேன். நான்கும் ஒன்றாகத் திறந்தன. உள்பலகையை மாட்ட நேரமில்லாமல், ஒயர்கள் தெரிய அப்படியே கிளம்பினோம்.

தேர்வாளர் கதவைத் திறந்ததும் திகைத்தார். "என்னம்மா இது?"

"வைத்தியம் முடிஞ்சிடுச்சு சார். சட்டை மாட்டத்தான் நேரமில்ல."

அவர் ஒயரில் முழங்கை படாமல் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, சிரிப்பை அடக்கியபடி சொன்னார்: "சரி, வண்டிய எடும்மா."