சின்னவ கைராசி

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு பொருள் அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சு எனக்கு மட்டும் வேலை செய்யலன்னா, அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது. அது பூட்டா இருந்தாலும் சரி, குடையா இருந்தாலும் சரி. இந்த லட்சணத்துல, சொந்தக் கடையில இருக்கற சொந்தக் கம்ப்யூட்டர் என் தங்கச்சி பேச்சைக் கேக்குது, என் பேச்சைக் கேக்கலன்னா நான் எப்படி இருப்பேன்? நீங்களே சொல்லுங்க.

எங்களோடது எம்பிராய்டரி கடை. சட்டைப் பாக்கெட்டுல கம்பெனி பேரு, தொப்பியில கிளப் சின்னம், பையில பூ, யார் எதைக் கேட்டாலும் நூல்ல போட்டுக் குடுப்போம். முன் அறையில மிஷின், அதை ஒட்டின சின்ன அறையில கம்ப்யூட்டர், மாடியில வீடு. நான் பெரியவ, தங்கச்சி சின்னவ. அம்மா எங்களைக் கூப்பிடறதே அப்படித்தான். நாங்க ரெண்டு பேரும் படம் வரைவோம். தைச்சு முடிச்ச துணியில தொங்கற நூலை அம்மா வெட்டுவாங்க. வெட்டிக்கிட்டே எங்களைத் திட்டுவாங்க, அதுக்குத் தனிக் கூலி கிடையாது.

படத்தை அப்படியே குடுத்தா மிஷினுக்குப் புரியாது. ஊசி எங்க இறங்கணும், எங்க நகரணும்னு தையல் தையலா மாத்திக் குடுக்கணும். அதுக்குன்னு ஒரு புரோகிராம் மிஷின் வாங்கும்போதே கூட வந்துச்சு. தையல் புரோகிராம்னு சொல்லுவோம். ரொம்பப் பழசு, விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். எங்க கம்ப்யூட்டரோ விண்டோஸைச் சுமக்க முடியாம மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரு நாள் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் வந்து, விண்டோஸை எடுத்துட்டு, அதை விட லேசான லினக்ஸைப் போட்டார். அவர் பையில பெங்குயின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதனால எங்களுக்கு அவர் பெங்குயின்காரர்.

"தையல் புரோகிராம் என்ன ஆகும்?"னு கேட்டேன்.

"'வைன்'னு ஒரு புரோகிராம் இருக்குங்க. அது நடுவுல நின்னுக்கிட்டு, புரோகிராம் எதைக் கேட்டாலும் 'நான்தான் விண்டோஸ்'னு சொல்லிச் சமாளிச்சுடும்"னார்.

சமாளிச்சுது. படம் வரையறதுக்கு ஒரு புது புரோகிராம், தமிழ்ல டைப் அடிக்க வசதின்னு அவர் பாட்டுக்கு அள்ளிப் போட்டுட்டுப் போனார். அதுக்கு முன்னாடி எங்க கம்ப்யூட்டர்ல தமிழே கிடையாது. எனக்கு ஒரே குஷி. கம்ப்யூட்டரும் புதுசு மாதிரி பறந்துச்சு.

ஆனா அன்னிலேருந்துதான் எனக்கு ஏழரை ஆரம்பிச்சுது. சின்னவ ஒரு படம் வரைஞ்சு, ஃபைல் மேல ரெண்டு தட்டு தட்டினா, தையல் புரோகிராம்ல வந்து ஜம்முனு உக்காரும். நான் வரைஞ்சதைத் தட்டினா வெத்து வெள்ளைக் கட்டம். நடுவுல இங்கிலீஷ்ல, அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு ஒரு பெட்டி.

"இல்லையா? இதோ குத்துக்கல்லு மாதிரி இருக்கே, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"ன்னு நான் மானிட்டரைப் பாத்துக் கத்தினேன். அப்ப வாசல்ல தொப்பி ஆர்டர் குடுக்க வந்து நின்னவர், தன்னைத்தான் சொல்றேன்னு நினைச்சு ரெண்டு அடி பின்னால போயிட்டார்.

மவுஸை மாத்திப் பாத்தேன். அணைச்சுப் போட்டேன். தையல் புரோகிராமை அழிச்சுத் திரும்பவும் ஏத்தினேன். ம்ஹூம். சின்னவ வருவா, கொட்டாவி விட்டுக்கிட்டே ரெண்டு தட்டு தட்டுவா, திறந்துக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"அவ கைராசி அப்படி"ன்னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. "நீ மூக்கு மேல கோவத்தை வெச்சுக்கிட்டு உக்காந்தா, மிஷின்கூட ஓடி ஒளியத்தான் செய்யும்."

சிரிச்சுட்டுப் போயிடலாம்னா, அந்தக் கைராசிக்குள்ள சின்னவளோட வாழ்க்கை மாட்டிக்கிட்டு இருந்துச்சு. வேற ஊர்ல ஒரு பெரிய பை ஃபேக்டரி. அங்க டிசைன் வரையற வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தாங்க. வர்றியா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அவளுக்குப் போக உசிரா ஆசை. கண்ணாடி முன்னாடி நின்னு அந்த ஊர் பஸ் ஸ்டாப் பேரையெல்லாம் சொல்லிப் பாப்பா. ஆனா அம்மா ஒத்தைக் கால்ல நின்னாங்க. "நீ போயிட்டா மிஷின் நின்னுடும். அக்கா என்ன, துணிக்கு முன்னாடி உக்காந்து கத்திக்கிட்டா இருப்பா?"

நான் நடுவுல எதுவும் பேசல. உள்ளுக்குள்ள எனக்கும் அவ போகாம இருந்தா தேவலைன்னுதான் இருந்துச்சு. ஆனா கைராசிங்கற பேச்சை மட்டும் என்னால ஜீரணிக்கவே முடியல. காரணம் இல்லாம ஒரு பொருள் எப்படி ஆளைப் பாத்து நடக்கும்?

புதன்கிழமை காலையில அவளைப் பிடிச்சு உக்கார வெச்சேன்.

"இங்க பாருடி. ஒரு வட்டம் வரை. வேற ஒண்ணும் வேணாம்."

வரைஞ்சா, சேமிச்சா, தட்டினா. திறந்துச்சு. எழுந்திருடின்னு சொல்லி அதே நாற்காலியில நான் உக்காந்தேன். அதே மவுஸ், அதே அளவு வட்டம். பேரு வெச்சுச் சேமிச்சேன். தட்டினேன். இல்லைன்னுடுச்சு.

"அக்கா, உன் வட்டம் கோணலா இருக்கோ என்னவோ"ன்னா.

"வாயை மூடு. உன் வட்டத்தை எடு."

அவ வட்டத்தை நான் திறந்தாலும் திறந்துச்சு. அட, அப்ப என் கைக்கும் திறக்குதே! அதுக்குப் பச்சை நிறம் குடுத்து, என் வேலைன்னு தனியா ஒரு பேரு வெச்சுச் சேமிச்சுத் தட்டினேன். போச்சு. அதே வட்டம், நிறம்தான் வேற. சரி, பச்சைதான் ஆகலையோன்னு அவளைப் பச்சை குடுக்கச் சொன்னேன். அவ குடுத்தா திறக்குது! நான் தொட்டா கெட்டுப்போகுது, அவ தொட்டா வாழுது. அம்மா படியில நின்னு, "நான் சொன்னப்ப கேட்டியா?"ன்னு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, எனக்கு அங்கேயே நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்துச்சு.

பெங்குயின்காரருக்குப் போன் போட்டேன். வந்தார், தானே ஒரு சதுரம் வரைஞ்சார், தட்டினார், திறந்துச்சு.

"நல்லாத்தானே ஓடுது?"ன்னார்.

"உங்களுக்கு ஓடும். ஊருக்கே ஓடும். எனக்குத்தான் ஓடாது."

அதுக்குள்ள அவருக்கு வேற ஒரு கால் வந்துடுச்சு. செருப்பை மாட்டிக்கிட்டே, "கட்டளை அடிக்கற கருப்பு ஜன்னல்லேருந்து புரோகிராமை ஓட்டிப் பாருங்க. உள்ளுக்குள்ள என்ன முணுமுணுக்குதுன்னு தெரியும். முக்காவாசி வெட்டிப் பேச்சாத்தான் இருக்கும், பயப்படாதீங்க"ன்னு சொல்லி, அடிக்க வேண்டிய கட்டளையை ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார்.

மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், அம்மா மாடியில படுத்திருந்தாங்க. சின்னவ தொப்பிக்கட்டைக் குடுத்துட்டு வரப் போயிருந்தா. நான் கருப்பு ஜன்னலைத் திறந்தேன். அதுல மவுஸுக்கு வேலையே இல்ல, கட்டளையை எழுத்தா அடிக்கணும். பெங்குயின்காரர் எழுதிக் குடுத்ததை அப்படியே அடிச்சு, என் படத்தைத் திறக்கச் சொன்னேன். அடேங்கப்பா! சரசரன்னு ஒரே புலம்பல். அது இல்ல, இது இல்ல, இதை அப்புறம் பாத்துக்கலாம்னு வரி வரியா இங்கிலீஷ்ல கொட்டுது. நல்லாத்தான் வாய் இருக்கு உனக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

எல்லாத்தையும் புரிஞ்சுக்கறது நடக்கற காரியம் இல்ல. அதனால சின்னவ படத்தையும் அதே மாதிரி கருப்பு ஜன்னல்லேருந்து திறந்தேன். அதுக்கும் அதே புலம்பல். சரி, ரெண்டு புலம்பலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு வரியா விரலை வெச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரி. கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி என் விரல் நின்னுடுச்சு.

அவ பக்கத்துல ஃபைல் பேரு இருந்துச்சு. என் பக்கத்துல அதே இடத்துல வெறும் கேள்விக்குறிகள். வரிசையா, கொக்கி கொக்கியா.

அது என் நீச்சல் கிளப் படம். அதுக்கு நான் வெச்ச பேரு, 'கடல் நீல மீன்'. தமிழ்ல டைப் அடிக்க வந்ததிலேருந்து நான் எல்லாத்துக்கும் ஆசை ஆசையாத் தமிழ்லதான் பேரு வைப்பேன். 'கோபக்காரப் பூனை', 'பச்சை வட்டம், சின்னவளுக்கு ஒரு பாடம்', இப்படி. சின்னவளுக்கு அதுக்கெல்லாம் பொறுமை கிடையாது. இங்கிலீஷ் 'ஏ'வை மூணு தடவை அழுத்துவா, அது ஏற்கெனவே இருந்தா நாலு தடவை அழுத்துவா. சோம்பேறிக் கழுதை.

'கடல் நீல மீன்' மேல போய், பேரை அழிச்சு, இங்கிலீஷ் 'பி'ன்னு ஒத்தை எழுத்தை வெச்சேன். ரெண்டு தட்டு.

மீன் வந்துடுச்சு! செதில், வால், நான் மெனக்கெட்டுப் போட்ட கண்ணு, மொத்தமும் தையல் தையலா திரையில நீந்துது. நான் போட்ட கூச்சல்ல மாடியில அம்மா புரண்டு படுத்த சத்தம் கேட்டுச்சு.

அதோட விட்டேனா? சின்னவளோட வட்டத்தை எடுத்து, அதுக்குத் தமிழ்ல 'கைராசி'ன்னு பேரு வெச்சுத் தட்டினேன். அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னுடுச்சு. பழைய பேரைக் குடுத்தேன், திறந்துச்சு. திரும்பவும் தமிழ், இல்லை. திரும்பவும் 'ஏ', இருக்கு. சின்னப் புள்ளை லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கற மாதிரி எத்தனை தடவை செஞ்சேன்னு எனக்கே தெரியாது. அந்தப் புரோகிராமை எழுதின காலத்துல அதுக்குள்ள தமிழ் எழுத்துக்கு இடமே வெக்கல. நடுவுல நிக்கற வைன் என் பேரைக் கொண்டு போய்க் குடுக்குது, அது ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறியா மாத்திக்கிட்டு, கேள்விக்குறிங்கற பேர்ல ஃபைலைத் தேடுது. எங்க கிடைக்கும்? இல்லைன்னு அது சொன்னது சத்தியமான வார்த்தை. இத்தனை நாளா நான் அதைப் போய்த் திட்டினேனேன்னு பாவமா இருந்துச்சு.

அப்பதான் வெளியில சைக்கிளை நிறுத்தற சத்தம் கேட்டுச்சு. என் கை அப்படியே நின்னுபோச்சு.

அவ நாளைக்குப் பதில் சொல்லணும். கைராசி இல்லைன்னு ஆயிட்டா, அவளை இங்க பிடிச்சு வெக்க ஒரு காரணமும் கிடையாது. இந்த ஜன்னலை மூடிட்டா யாருக்குத் தெரியும்? நான் பேசாம 'பி', 'சி'ன்னு பேரு வெச்சுக்கிட்டு, 'அப்பப்ப எனக்கும் திறக்குதும்மா'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். அவ இல்லாத கடையை நினைச்சுப் பாத்தேன். அம்மாகிட்ட திட்டு வாங்க நான் மட்டும் தனியா நிக்கணும். அதை விடுங்க, ராத்திரி படுத்துக்கிட்டு ஊர்க்கதை பேசிச் சிரிக்க எனக்கு வேற யாரு இருக்கா?

அவ உள்ள வந்தா. கையில போன்.

"அக்கா, வரலைன்னு சொல்லிடப் போறேன். நாளைக்கு வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?"ன்னா. முகம் வாடித்தான் இருந்துச்சு. ஆனா அந்த வாட்டத்துக்குள்ள கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு, அதையும் பாத்தேன்.

"போனைக் கீழ வை. இங்க வந்து உக்காரு."

காட்டினேன். கேள்விக்குறிகளைக் காட்டினேன், மீனைக் காட்டினேன். அவ நம்பல. மீனுக்குத் தன் கையாலேயே தமிழ்ல ஒரு பேரு வெச்சுத் தட்டினா. இல்லைன்னு வந்துச்சு. வாழ்க்கையில முதல் தடவை அவளுக்கு இல்லைன்னு வந்துச்சு. அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தா.

"அப்ப என் கையில ஒண்ணுமே இல்லையா?"ன்னா மெதுவா. "இந்தக் கடையையே நான்தான் தாங்கிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன்க்கா. மூணு 'ஏ' அடிச்சிருக்கேன். அவ்வளவுதானா?"

"லூசு! திறக்கறதுக்குக் காரணம் 'ஏ'. திறந்ததுக்கப்புறம் உள்ள இருக்கறது யார் வரைஞ்சது? அந்த ஃபேக்டரிக்காரங்க நம்ம கம்ப்யூட்டரைப் பாத்தா உன்னைக் கூப்பிட்டாங்க? உன் பூவையும் கொடியையும் பாத்துக் கூப்பிட்டாங்க."

கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"இதை நீ சொல்லாம இருந்திருக்கலாமேக்கா. நான் இங்கயே இருந்திருப்பேன்ல?"

"இருந்திருப்ப."

"அப்புறம் ஏன் சொன்ன?"

பெரிசா ஏதாவது சொல்லணும்னு பாத்தேன்.

"இவ்வளவு மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சிருக்கேன். உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டடி சொல்லுவேன்?"ன்னேன்.

அவ என் தோள்ல தலையை முட்டிக்கிட்டே போனை எடுத்தா. திங்கள்கிழமை வந்துடறேன் சார், ஆமா சார், துணைக்கு யாரும் வரல, நான் மட்டும்தான்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அவ குரல் ஏறிக்கிட்டே போச்சு.

மாடிப்படியிலேருந்து அம்மா எட்டிப் பாத்தாங்க. "என்னடி சத்தம்? பெரியவளே, மறுபடியும் ரிப்பேரா?"

"இல்லம்மா, சரியாயிடுச்சு"ன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு.