முப்பத்திநாலாவது வரிசை

விமானக் கம்பெனியின் சொந்த விமானம் பழுதாகிப் படுத்துவிட்டது. பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு வேறொரு கம்பெனியின் விமானத்தை, ஓட்டுகிறவர்களோடு சேர்த்தே வாடகைக்கு எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சரி சொல்லப் போனவர் நம்ம இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, சீட் பார்க்கிற இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து, சாய்ந்து, பெல்ட் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு வரிசை வரை மனிதர் ஒழுங்காகத்தான் உட்கார்ந்து எழுந்தார். அதற்குமேல் இடுப்பு விட்டுப்போனது. விமானத்துக்காரர்கள் வேறு அன்பாகக் காபி நீட்டினார்கள். மீதி முப்பது வரிசைக்கும் இருந்த இடத்திலிருந்தே மளமளவென்று டிக் போட்டுத் தள்ளினார். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அவருடைய அக்கா வந்து பார்த்தாள். முட்டிவலிக்காரி. என் தம்பி பார்த்து அனுப்புற பிளேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்ப அதில் ஏறினாள்.

அழைத்துப்போக வந்த இன்ஸ்பெக்டர், விமான நிலையத்தின் வெளியேறும் வாசலருகே அவளைச் சக்கர நாற்காலியில் கண்டார். வீங்கிய கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை. பக்கத்துக் கவுண்டரில் ஒரு கண்ணாடிக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

“முப்பத்திநாலாவது வரிசைல ஒரு சீட்டும் சாயலைங்க! இதை எவன் பார்த்து அனுப்பினான்?”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “சும்மா கத்தாதீங்க. நானும் அதே வரிசைதான். நல்லாத்தான் சாஞ்சுது. என் தம்பி ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பார்த்தவன்.”

“ஏம்மா, வழி பூரா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நீங்கதானே?”

முகத்தைத் திருப்பியவள் தம்பியைப் பார்த்துவிட்டாள். போயிடு என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

நழுவ இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. கூனிக் குறுகி முன்னால் வந்து நின்றார்.

“நான்தாங்க பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல உக்காரவே இல்லை. உக்காந்த மாதிரி எழுதிட்டேன்.”

கண்ணாடிக்காரர் அக்காவின் வீங்கிய கால்களைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“நீ பார்த்தப்புறம் கெட்டுப்போச்சுன்னுல்ல நினைச்சேன்,” என்றாள் அக்கா. “உக்காரவே இல்லையாடா?”

“இல்லக்கா.”

நாற்காலியைத் தள்ளக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு, கண்ணாடிக்காரரைப் பார்த்தாள்.

“நீங்க கொஞ்சம் தள்ளிவிடுறீங்களா?”