கவிழ்த்து வைத்த அண்டா

1

இது எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையாக வரவே இல்லை. ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்துக்கு, வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று சின்னதாக ஒரு கட்டுரை கேட்டார்கள். கிருஷ்ணாயிலுக்காக ரேஷன் கடை வாசலில் ஊரே நிற்கிற இந்த 1974இல் இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது என்று நானும் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான். ஊருக்குச் சொல்வதை நாமும் செய்ய வேண்டாமா?

'அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பாதி வெந்த சோற்றை வைக்கோலுக்குள் புதைத்தால் மீதி தானே வேகும். மழை பெய்தால் ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்து...'

பேனா நின்றுவிட்டது. மழைக்குப் பாத்திரம் வைக்கக் கூடாத ஒரு தெரு இருந்தால்? மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி? அங்கே ஒருத்தி வாசலில் அண்டாவோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. கட்டுரை அதோடு போயிற்று.

2

[மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் வெள்ளியாக உருகி...] வேண்டாம். உப்பைப் பார்த்தால் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வெள்ளி ஞாபகம் வந்துவிடுகிறது. அதை வாருகிறவனுக்கு வருவதில்லை.

[மழை வந்தால் அம்சவள்ளிக்கு மட்டும் சிரிப்பு வரும்.] இது பரவாயில்லை. ஆனால் அவள் யாரென்றே சொல்லவில்லை, அதற்குள் சிரிப்பு எதற்கு? தூக்கிப் போடவும் மனசில்லை. ஓரமாக வைக்கிறேன், எதற்காவது ஆகும்.

மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன். வைகாசி மாதம். பாத்திகளில் தேங்கிய நீரில் வானம் கிடக்கிறது. வரப்பில் நடக்கிறவர்களுக்கு மேலேயும் வானம், கீழேயும் வானம். தூரத்துச் சவுக்குத் தோப்பு தரையைத் தொடாமல் நிற்கிறது. இந்த வெயிலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எது கரை, எது கடல் என்று சொல்ல முடியாது. எனக்கும் எழுதும்போது கண் சொருகுகிறது.

3

அம்சவள்ளி மேற்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். போன வருஷம் இருசப்பனைக் கட்டிக்கொண்டு உப்பளத் தெருவுக்கு வந்தாள். அவன் அளத்தில் உப்பு வாருகிறவன். தெருவில் இருக்கிற ஒரே கிணறும் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் காசிலிங்கத்தின் மாட்டு வண்டியில், பீப்பாயில் வரும். குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தண்ணீருக்குக் காசா என்று முதல் நாள் அவள் வண்டிக்காரனையே கேட்டுவிட்டாள்.

அதனால் ஒரே தண்ணீரை அவள் பல வேலைக்கு அனுப்பினாள். அரிசி களைந்தது ஆட்டுக்கு, காய் கழுவியது முருங்கைக்கு. தோப்பில் கூட்டி அள்ளிய சவுக்குச் சருகில் அடுப்பு எரிந்தது, அந்தச் சாம்பலில் பாத்திரம் பளபளத்தது. பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்து, விளக்கின் கிருஷ்ணாயிலை மிச்சம் பிடித்தாள்.

ஒன்றில் மட்டும் அவள் கை தாராளம்.* இருசப்பன் சாயந்திரம் வரும்போது பாதமெல்லாம் உப்பு அறுத்த வெடிப்பு. கிணற்றுத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். வாசல் கல்லின் மேல் காலைத் தூக்கி வைப்பான். அவள் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றுவாள்.

"காசு குடுத்து வாங்கின தண்ணி புள்ள. காலுக்கா ஊத்துவ?"

"காலு இருந்தாத்தான காசு? கம்முனு தேச்சிக் கழுவுங்க."

(* வாசல் கல்லை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.)

4

இத்தனை மிச்சமும் எதற்கு என்று கேட்பீர்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அளத்தில் வேலை கிடையாது. தெருவின் ஆண்கள் மூட்டை தூக்க மெட்ராஸுக்குப் போய்விடுவார்கள், பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள். அம்சவள்ளிக்குக் கார்த்திகையில் பிரசவம்.

"கார்த்திகையில நீங்க எங்கயும் போவக் கூடாது."

"போவாம இன்னாத்த சாப்புடறது?"

"நான் மிச்சம் புடிச்சி வச்சிருக்கறதச் சாப்புடலாம்."

"தண்ணியில மிச்சம் புடிச்சா, வூடு ஓடிடுமா?" என்று இருசப்பன் சிரித்தான். ஆனால் போகிறேன் என்றும் சொல்லவில்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கட்டுரைக்காக வைத்திருந்த யோசனைகளை எல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டேனோ? இவ்வளவு கெட்டிக்காரியாக ஒருத்தி இருப்பாளா? யோசித்துப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம். பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீட்டில் தாய் இல்லை; அந்தத் தெருவில் அவளுக்கென்று இருப்பவன் இருசப்பன் ஒருத்தன்தான். வலி எடுக்கும்போது அவன் எங்கோ மெட்ராஸில் மூட்டைக்கு அடியில் இருப்பான் என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. சருகு பொறுக்குகிற கைக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

5

இப்போது அண்டா. உப்பு விளைகிற மாதங்களில் அந்தத் தெருவில் எந்தப் பாத்திரமும் வானத்தைப் பார்த்து இருக்காது. கழுவியதெல்லாம் கவிழ்ந்தே கிடக்கும். திறந்த வாய் மழையைக் கேட்கும் என்பார்கள். மழை வந்தால் வாரிய உப்பு கரையும், கூலியும் கரையும். அம்சவள்ளியும் இத்தனை நாள் கவிழ்த்துத்தான் வைத்தாள்.

முதலில் சொன்ன அந்த வைகாசி மத்தியானம் கிழக்கே கருத்தது. குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டது. அவளுக்குப் பிறந்த ஊர் வந்துவிட்டது போலிருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது: இருசப்பனின் கல்யாண வேட்டியை எடுத்தாள், நாலு முனையையும் நாலு கழியில் கட்டினாள், நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டாள். வேட்டி தொங்கிய இடத்துக்குக் கீழே, வாசல் கல்லை ஒட்டி, அண்டாவை நிமிர்த்தி வைத்தாள்.

எதிர்வீட்டுப் பாஞ்சாலை ஓடிவந்தாள்.

"அடியே அம்சா! இன்னா காரியம் பண்ற? கவுத்துடி அத்த!"

"மேகம் அண்டாவப் பாத்துக்கினா வருது, அக்கா?"

"அளத்துல வாரின உப்பு அப்பிடியே கெடக்குது. கீத்து போட்டுக்கூட மூடல. மழ வந்துச்சின்னா தெருவே ஒன்னத்தான் சொல்லும்."

அம்சவள்ளி குனிந்து விளிம்பைப் பிடித்தாள். கவிழ்க்கத்தான் பிடித்தாள். ஒரு அண்டா நல்ல தண்ணீர். எத்தனை நாள் வண்டியைக் கூப்பிட வேண்டாம்! கார்த்திகை ஒரு எட்டு பக்கத்தில் வந்து நின்றது. கையை எடுத்துவிட்டாள்.

[பாஞ்சாலை வாயில் அடித்துக்கொண்டு...] இல்லை. பாஞ்சாலை திரும்பித் தன் வாசலில் போய் நின்று பார்த்தாள். அதுதான் மோசம்.

6

மழை வந்தது. முதலில் பாத்திகளில் கிடந்த வானம் உடைந்தது. பிறகு உப்புக் குவியல்கள் தூக்கத்தில் புரள்வதுபோல் மெதுவாகச் சரிந்தன. தெரு முழுக்க மண்வாசனையும் கடல்வாசனையும் கலந்து கிடந்தது. வேட்டியின் நடுவிலிருந்து ஒரு வெள்ளை நூலாகத் தண்ணீர் அண்டாவுக்குள் இறங்கியது. அதன் சத்தம் மாறிக்கொண்டே வந்தது, அண்டா நிறைகிறது.

மழை வந்தால் அம்சவள்ளிக்கு மட்டும் சிரிப்பு வரும். (பார்த்தீர்களா, கொட்டாமல் வைத்த வரி உதவிற்று.) சிரித்துவிட்டு, தெருவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று அவளையே பார்த்தார்கள். அளத்திலிருந்து ஆண்கள் நனைந்துகொண்டு வந்தார்கள். முன்னால் இருசப்பன்.

7

முடிவுக்கு இரண்டு வரைவு எழுதினேன். முதலாவதில் இருசப்பன் அண்டாவை எட்டி உதைக்கிறான், தெருவின் கோபம் ஆறுகிறது, ஐப்பசியில் அவன் மெட்ராஸ் போகிறான். இரண்டாவதில் அவன் காலைக் கழுவிக்கொள்கிறான். தெரு அவர்களோடு பேச்சை விடுகிறது. கார்த்திகையில் அவன் வாசலில் உட்கார்ந்து குழந்தையின் அழுகைக்குக் காத்திருக்கிறான். முதலாவதை எழுத எனக்கு மனசு வரவில்லை. இரண்டாவதை எழுதினால், கூலி போன மனிதர்களின் முகத்தை நான் பார்க்காதவனாகிவிடுவேன். இரண்டையும் கிழித்தேன். தாளின் மறுபக்கமும் தீர்ந்துவிட்டது.

அதனால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

இருசப்பன் வாசலில் வந்து நின்றான். கல்யாண வேட்டியைப் பார்த்தான், ததும்புகிற அண்டாவைப் பார்த்தான். அவன் பாதத்தில் வெடிப்பெல்லாம் வெளுத்திருந்தது.

"நீ வச்சியா?"

"நான்தான்."

"தெரு பாக்குது, அம்சா."

"பாக்கட்டும். கார்த்திகையில தெருவா வரப்போவுது என் கையப் புடிக்க?"

அவள் அண்டாவிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒருவரும் நகரவில்லை.

கல்லும் அண்டாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இருசப்பன் காலைத் தூக்கிவிட்டான். இன்னும் கீழே வைக்கவில்லை. நீங்கள்தான் வைக்க வேண்டும்.