பெரிய அணைக்கு ஒரு பிடி நெல்

முத்திருளன் மகனைச் சீனாவுக்கு அனுப்பியது டாக்டருக்குப் படிக்கத்தான். ஆனால் அந்த நாட்டில் உலகத்திலேயே பெரிய அணை ஒன்று எழும்பியிருக்கிறது என்று மகன் அழகுபாண்டி வாயை விட்ட நாளிலிருந்து படிப்பு இரண்டாம்பட்சமாகிவிட்டது. வாடிப்பட்டிப் பக்கம் அவர்கள் ஊர் வாய்க்காலில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் இல்லை. வைகை அணையில் எத்தனை அடி என்று பேப்பர் பார்ப்பதையே மனுஷன் விட்டிருந்தார்.

வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது மதகடியில் காவல் தெய்வம் கருப்புக்குப் பூவும் மஞ்சள் தடவிய நெல்லும் போடுவது அந்த ஊர் வழக்கம். முதல் கைப்பிடி முத்திருளன் வீட்டுக்கு உரியது. தண்ணீரே வராதபோது எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போன வருஷம் மகன் விடுமுறை முடிந்து கிளம்பும்போது, மஞ்சள் தடவிய ஒரு பிடி நெல்லைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் திணித்தார்.

“எல்லாத் தண்ணியும் ஒரே தண்ணிதான்டா. நம்ம வீட்டு நெல்லு அம்புட்டுப் பெரிய அணையில விழுந்தா, இங்கன மதகு தானாத் தெறக்கும்.”

“அப்பா, அங்க போயி எதுக்குப்பா...”

“போடுறியா, மாட்டியா?”

“போடுறேன்ப்பா.”

அவன் தலையாட்டியதுதான் வினை.

கோடை விடுமுறை விட்டதும் வகுப்புத் தோழன் துளசிராமைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினான். துளசிராம் மதுரை சௌராஷ்டிர வீட்டுப் பையன். முட்டைகூடத் தொடாத சைவம். இவர்கள் படித்தது வடக்குக் கோடியில் ஷென்யாங்கில், அணை இருந்தது நாட்டின் நட்டநடுவில். அன்றைக்குப் பார்த்து சீனாவே அந்த ஒரே ரயிலில்தான் ஏறியிருந்தது. உட்கார இடமில்லாத டிக்கெட்தான் கிடைத்தது. இரண்டு பேரும் கக்கூஸ் கதவோரம் நின்றுகொண்டே போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் துளசிராம் கையிலிருந்த வாழைப்பழத்தை வெறுப்போடு பார்த்தான்.

“மாப்ள, நம்ம ஊர்ல இருந்து வைகை டேமுக்கு ஒரு மணி நேரம். அதையே நான் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்பதான் பாத்தேன். எதுக்குடா என்னையப் போட்டுக் கொல்லுற?”

அழகுபாண்டி இன்னொரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினான். நெல் முடிச்சைப் பற்றிச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவான் என்ற பயம்.

வூகானில் ரயில் மாறி, யீச்சாங்கில் இறங்கி, கடைசியில் அணைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தார்கள். தனியாக நடந்துபோய்ப் பார்க்க முடியாதாம். கொடி பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கும்பலாகப் போக வேண்டும். வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அழகுபாண்டியின் பையிலிருந்து துணி முடிச்சு வெளியே வந்தது. காவலர் அவிழ்த்தார். மஞ்சள் தூள் விரலில் ஒட்டியதும் முகம் மாறியது. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

“இது என்னடா கருமம்?” என்றான் துளசிராம்.

“நெல்லு. தண்ணியில போடணும். அப்பா சொன்னாரு.”

“அடப்பாவி! இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?”

ஒரு பெரிய அதிகாரி வந்து முடிச்சை மோந்து பார்த்தார். எதற்கு இது என்று கேட்டார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் அழகுபாண்டிக்குச் சீனத்தில் வார்த்தை தெரியும். நேர்த்திக்கடனுக்குத் தெரியாது. தின்பதற்கு என்று சொல்லிவைத்தான். அதிகாரி உமி உரிக்காத ஒரு நெல்லை எடுத்து அவன் முன்னால் நீட்டினார். தின்று காட்டு என்கிறார். அவனும் வாயில் போட்டு மென்றான். மூன்று காவலர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு மிச்ச நெல்லைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். துணியை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பார்வை மேடைக்குப் போனபோது ஒரே மூட்டம். எதிரே வெள்ளையாக ஒரு சுவர் கொஞ்சம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீர் எங்கேயோ கீழே கிடந்தது. சுற்றிலும் ஆள் உயரக் கம்பி. நெல் கையில் இருந்திருந்தாலும் எறிந்தால் எட்டாது. இதற்கா இத்தனை தூரம் நின்றுகொண்டே வந்தோம் என்று அவனுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. படம் எடுக்க நிற்கச் சொன்ன கொடிக்காரப் பெண்ணைத் தமிழில் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் சிரித்தபடி தொப்பியைச் சரியாகப் போடச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கடைவீதி போனில் ஊருக்குப் பேசினான்.

“நல்லபடியா விழுந்துச்சாடா?” என்றார் முத்திருளன்.

“விழுந்துச்சுப்பா.”

“தண்ணியிலதான?”

“தண்ணியிலதான்ப்பா.”

எரிச்சலில் சொன்ன பொய்தான். அப்பா சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

விமான டிக்கெட் கிடைத்து, மதுரை வந்து, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊர் சேர ஆகஸ்ட் பிறந்துவிட்டது. வழியெல்லாம் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஊரே தரிசாகக் கிடக்க, தங்கள் வயல் மூலையில் மட்டும் ஒரு துண்டு நாற்றங்கால் வாடி மஞ்சளாகப் பழுத்து நிற்பதைப் பார்த்தான். பெட்டியோடு வயலுக்கே போய், வரப்போரம் மாடு கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான்.

“யாரும்மா நாத்துப் பாவச் சொன்னது?”

“நீதான்” என்றாள் அம்மா இருளாயி. “எம்மகன் போட்டுட்டான், தண்ணி வந்துரும்னு வெத நெல்லு பூராத்தையும் பாவிட்டாரு. பக்கத்து வயக்கார நல்லகாமன் அண்ணே வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. கேட்டாத்தான? அவரு கெணத்துத் தண்ணியத்தான் உங்கப்பா வாங்கி ஊத்துனாரு. இப்ப அந்தக் கெணறும் வத்திப்போச்சு.”

முத்திருளன் வரப்பில் குத்தவைத்திருந்தார். மகன் வந்ததைப் பார்த்தும் எழவில்லை.

“கருப்பு நம்மளக் கைவிட்டுட்டான்டா. அம்புட்டு தூரம் போயிப் போட்டும் அவனுக்கு மனசு எரங்கல. இனிமே அந்தக் கோயில் பக்கம் காலு வைக்க மாட்டேன்.”

அழகுபாண்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சோதனை, மஞ்சள், குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

முத்திருளன் எழுந்தார். பல நாளாகக் கருத்துக் கிடந்த முகம் தெளிந்தது.

“அப்ப நெல்லு தண்ணியில விழவே இல்லையா? அதான பாத்தேன்! கருப்பு கைவிடுவானா? அவனுக்குப் போயே சேரலையே. ஏய் இருளாயி, ஒரு பிடி நெல்லு எடு!”

“நெல்லுக்கு எங்கிட்டுப் போவேன்? பூராந்தான் பாவிட்டீகளே” என்று சொல்லிக்கொண்டே இருளாயி பசுமாட்டை அவிழ்த்து நாற்றங்காலுக்கு ஓட்டினாள். “கருகுனது கருகிப்போச்சு. மாடாவது திங்கட்டும்.”

மாடு வாய் வைப்பதற்குள் முத்திருளன் இறங்கி ஒரு பிடி நாற்றைப் பிடுங்கினார். பழுத்த நாற்று. வேரில் ஒட்டிய மண் பொடியாக உதிர்ந்தது. வேட்டி ஓரத்தைக் கிழித்து முடிந்து மகன் கையில் வைத்தார்.

“நெல்லுன்னாத்தான சந்தேகப்படுவாய்ங்க? இது காஞ்ச புல்லு. எவன் கேக்கப் போறான்?”

அந்தத் தண்ணீரை யாரும் தொடவே முடியாது, கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது அழகுபாண்டிக்கு. வாயைத் திறந்தான். அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போடுறியா, மாட்டியா?”

“போடுறேன்ப்பா” என்றான்.