மேசைக்குக் கீழே ஒரு தாளம்

அமிர்தகழி வாசிகசாலை மண்டபத்தில் அன்று இருந்தவர்கள்: சுவரோரக் கதிரையில், வயலினை மடியில் வைத்தபடி, வகுப்பெடுக்கும் பியட்றிஸ் மிஸ். வாசலோரம், வருத்தக்கார மகனுக்காகப் பழக வந்த சாமித்தம்பி. நடுவில் பாயில், தங்கச்சியைப் பராமரிக்கும் சீதேவிப்பிள்ளை. யன்னலோர மேசையில் செட்டிபாளையம் கேதீஸ்வரி. பக்கத்தில் அவள் புருசன் வினாயகமூர்த்தி.

சண்டை ஓய்ந்து அடுத்த வருசம் அது. மனம் குழம்பியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, இசையால் அவர்களை ஆற்றப் பழக்கும் வகுப்பு. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரே மகளைப் பறிகொடுத்ததிலிருந்து வினாயகமூர்த்தி பேசுவதில்லை. கைக்கு அகப்பட்டதில் தட்டிக்கொண்டே இருப்பான். கேதீஸ்வரி அந்தக் கையைப் பிடித்து அமத்திவிடுவாள். கனடாவிலிருந்து அவன் அண்ணன் அவளுக்கு எழுதியிருந்தார்: மனம் குழம்பியவர்களை வைத்துப் பார்க்கும் தூரத்து விடுதியொன்றில் அவனுக்கு இடம் பார்த்தாயிற்று, நீ சம்மதம் எழுதினால் கூட்டிப்போக ஆள் வரும்.

"உங்களுக்குத் தெரிஞ்ச வாத்தியத்த வாசிங்க" என்றார் மிஸ்.

சாமித்தம்பி உடுக்கை எடுத்தார். அவருக்குத் தெரிந்தது அம்மன் சடங்கில் அடிக்கிற அடி ஒன்றுதான். கொஞ்சம் அடிப்பதற்குள் சீதேவிப்பிள்ளையின் கொண்டை அவிழ்ந்தது. இருந்த இடத்திலேயே ஆடத் தொடங்கினாள்.

"என்ன மகள் இது, வலிப்பா?"

"இல்ல மிஸ், தெய்வம்! சாமித்தம்பி மாமா, நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள் கேதீஸ்வரி.

மிஸ் தன் போத்தல் தண்ணீரை அவள் முகத்தில் தெளித்தார்.

"மஞ்சத்தண்ணி இல்லாமத் தெய்வம் போகுமா மிஸ்?" என்றார் சாமித்தம்பி.

"இப்ப இதுதான் இரிக்கு. போகச் சொல்லுங்க."

போய்விட்டது. ஆனால் உடுக்குச் சத்தத்தில் மிரண்ட வினாயகமூர்த்தி மேசைக்குக் கீழே ஒடுங்கி, மேசைக்காலில் தட்டிக்கொண்டிருந்தான். கேதீஸ்வரியின் கை வழக்கம்போல் நீண்டது.

"பிடிக்காதீங்க மகள். என்ர பிழை, என்ன அடியெண்டு கேக்காம விட்டுட்டன்." கல்யாண வீடுகளில் ஊரையே ஆடவைத்த அந்த வயலினை மிஸ் பெட்டியில் வைத்து மூடினார், கவுனை ஒதுக்கிக்கொண்டு வெறும் சீமெந்தில் உட்கார்ந்தார். இவ்வளவு தெரிந்த ஒரு மனிசி தன் பிழையை இப்படிச் சுளுவாகச் சொன்னதைக் கேதீஸ்வரி ஆச்சரியத்தோடு பார்த்தாள். "அவர் தட்டுறதத் திருப்பித் தட்டுங்க. அவருக்கு முந்திப் போகாதீங்க."

கேதீஸ்வரி மேசைக்குக் கீழே நுழைந்தாள். அவன் தட்டினான், அவளும் அப்படியே தட்டினாள். அவன் நிறுத்தி அவளைப் பார்த்தான். பிறகு தாளத்தை மாற்றினான். அவளுக்குப் பிழைத்தது. அவன் அவளுடைய விரலைப் பிடித்து, மரத்தில் வைத்துச் சரியாகத் தட்டிக் காட்டினான். கடலுக்குப் பிறகு அவனாக அவளைத் தொட்டது அதுதான் முதல்தடவை.

கொண்டையை முடிந்தபடி சீதேவிப்பிள்ளை குனிந்து பார்த்தாள். "பேசினவரா கா?"

"இல்லக்கா. நான் பிழையாத் தட்டினன், திருத்தினவர்."

"ஆ, அப்ப புருசன்தான்!"

கேதீஸ்வரி மேசைக்குக் கீழேயே சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது.

பொழுதுபட முதல் அவள் எழுதினாள்: "அண்ணா, உங்கள் அக்கறைக்கு நன்றி. அந்த இடம் வேண்டாம். இவர் இன்னும் பேசவில்லை. பேசுவார் என்று நான் எழுதவும் மாட்டேன். ஆனால் நான் இவரோடு பேசும் வழியைப் பழகத் தொடங்கிவிட்டேன். இவர் என்னோடுதான் இருப்பார்."

உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி அழுத்தினாள். காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய், முத்திரை குத்தும்வரை நின்று பார்த்து அனுப்பினாள்.