மதலைமேரியைப் பார்க்க வந்த பதினேழு பேர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது.

போன மாதம் என் லேப்டாப்பில் ஒரு கேடயப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலறியது. அன்று பார்த்து தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயத்தை அனுப்பியாக வேண்டும். அரியாங்குப்பத்தில் என் மாடியில் குடியிருக்கும் பெண், லீவில் வந்திருந்த தன் தோழியைக் கீழே அனுப்பிவைத்தாள். தோழியின் பெயர் ரோஸ்லின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இது காவல்காரன் இல்லக்கா. காவல்காரன் சட்டைய மாட்டிக்கினு வந்த திருடன். எங்கப்பா வூட்லயும் வந்திச்சி" என்றாள்.

அதை நீக்குகிற பச்சைக் கோடு நாற்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. அது நகர்கிறவரைக்கும் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். நூறு ஆனதும் பென்டிரைவை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆகவே எனக்குத் தெரிந்த கதை நாற்பதிலிருந்து நூறு வரைதான்.

அன்றிரவே எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

சோரியாங்குப்பத்தில் அந்த வீட்டுக் கணினித் திரை ரத்தச் சிவப்பாக —

(வேண்டாம். முப்பது வருடமாக ரத்தம் எழுதுகிறேன். இந்தக் கதையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழப்போவதில்லை.)

அப்பா என்பவர் ஒரு —

(ஐயோ.)

சரி, போன் மணியிலிருந்து தொடங்குகிறேன்.

2

தினமும் காலை ஆறேகாலுக்கு, ஓசூரில் கம்பெனி பஸ் ஏறியதும் ரோஸ்லின் அப்பாவுக்குப் போன் போடுவாள்.

சோரியாங்குப்பத்தில் இருக்கும் அப்பா சூசைநாதன், தவளக்குப்பம் பக்கம் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியின் கேட்டில் முப்பத்தொரு வருடம் காவலுக்கு நின்றவர். அம்மா மதலைமேரி இருந்தவரை போன் அம்மாவுக்குத்தான் போகும். அப்பா பக்கத்தில் நின்று, "சாப்ட்டாளாமா, கேளு" என்பார். "சாப்ட்டேன்னு சொல்லும்மா" என்பாள் ரோஸ்லின். இருவருக்கும் இடையில் சண்டையெல்லாம் கிடையாது. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு அதே நம்பரை அப்பா எடுத்தார்.

"சாப்ட்டியாப்பா?"

"ம்."

"பிரஷர் மாத்திரை?"

"ம்."

"வேற?"

"வேற இன்னா. வெச்சிடட்டா?"

நாற்பது விநாடி. (நான் கணக்குப் போடவில்லை. அவள் போனிலேயே வரிசையாகப் பதிந்திருந்ததாம். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று.)

இப்படிப் பத்து மாதம். பிறகு ஒரு ஜூன் மாதக் காலையில், அவள் கேட்காமலேயே அப்பா பேசினார்.

"ரோசு, உன் கம்ப்யூட்டர்ல திருடன் பூந்துக்கிறான்டி."

ரோஸ்லின் டிப்ளமோ படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அது. ஒரு கேடயம் தானாக வந்து எச்சரித்ததாம். உள்ளே வரட்டுமா என்று மரியாதையாக அனுமதி கேட்டதாம். விட்டாராம். அது தேடிப் பார்த்து, பதினேழு வைரஸைப் பிடித்துக் கொடுத்ததாம்.

அன்றைக்குப் பேச்சு நான்கு நிமிடம் ஓடியது. ஆகஸ்ட் வருவதற்குள் பதினொரு நிமிடம் ஆகிவிட்டது.

"இன்னிக்கி எத்தினிப்பா?"

"அதே பதினேழு. ஒருத்தன் பேரு வார்ம். வார்முன்னா புழுதானே? புழு எப்டிடி ஒயர்ல வரும்?"

"நெளிஞ்சி வரும்பா."

"கிண்டலா? உங்கம்மா இருந்தா தொடப்பத்தாலயே சாத்தியிருப்பா."

அம்மா போன பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் முறை. பஸ்ஸில் ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் வைரஸில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். பின்பக்கம் வாழை சாய்ந்தது, பாகூர் ஏரி நிரம்பியது, அம்மா வைக்கிற நண்டுக் குழம்பு தனக்கு மட்டும் ஏன் தண்ணியாக வருகிறது என்பது வரைக்கும்.

* இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் படித்த பெண், தினமும் அதே பதினேழு என்றால் சந்தேகப்படமாட்டாளா? வாசகர்கள் கடிதம் போடுவார்கள். அன்று அவளிடமே கேட்டிருந்தேன். கோடு அப்போது எழுபதில் இருந்தது. "சந்தேகப்பட்டா, எடுத்துடுன்னு சொல்லணுமேக்கா" என்றாள்.

3

அக்டோபரில் ஒரு நாள் அப்பா சொன்னார்: "ஏடிஎம் கார்டு நம்பரு கேக்குது ரோசு. குடுத்தாத்தான் மேல காவல் காக்குமாம். குடுத்துடட்டா?"

"குடுக்காத! நான் வர்றேன்."

சனிக்கிழமை காலை கடலூர் வழியாக வந்து இறங்கினாள். அப்பா நண்டு வாங்கக் கிளம்பினார். அவள் முதலில் நெட்டைப் பிடுங்கினாள். பிறகு கேடயத்தை ஓடவிட்டாள். பதினேழு பெயர்களும் தினமும் வருகிற அதே வரிசையில் வந்து நின்றன. ஒன்றுகூட நிஜம் இல்லை. கணினியில் இருக்கிற ஃபைல் பெயர்களையே எடுத்து, பக்கத்தில் சிவப்பாக ஒரு வைரஸ் பெயரைப் போட்டுப் பயமுறுத்துகிறது. அந்தக் கணினியில் இருந்தது ஒரே ஃபோல்டர். 'அம்மா'. ரோஸ்லினே அம்மாவின் போட்டோக்களை ஸ்கேன் செய்து போட்டுவைத்தது.

கீபோர்டுக்கு அடியில் ஒரு நீளமான நோட்டு. கம்பெனி கேட்டில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, வெளியே போன நேரம்.

பெயர் என்ற இடத்தில் ட்ரோஜன், வார்ம், ஸ்பை என்று எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார். வந்த நேரம் காலை 5.50. யாரைப் பார்க்க என்ற இடத்தில், பதினேழு வரியிலும், ஒன்றுவிடாமல்: மதலைமேரி. ஒவ்வொரு நாளும். நான்கு மாதம்.

அப்போது ரோஸ்லினுடைய கண்களில் நீர் —

(அவள் அழுததாகச் சொல்லவில்லை. எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததாகத்தான் சொன்னாள்.)

4

இங்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கும் வந்ததாம்.

திருட்டுக் கேடயத்தை எடுத்துவிடலாம். அந்த இடத்தில், அவளே எழுதிய ஒரு சின்ன புரோகிராமை வைத்துவிடலாம். அதே கேடயப் படம், அதே அலறல். கார்டு நம்பர் கேட்காது, யாருக்கும் கெடுதல் இல்லை. தினமும் ஏழெட்டுப் பெயரைக் காட்டும். ஆறேகால் மணிக்கு அப்பாவிடம் பேச விஷயம் இருக்கும்.

முதல் பிரதியில் அப்படித்தான் முடித்திருந்தேன். அன்பான பொய் என்றால் வாரப்பத்திரிகை வாசகர்களுக்கு உயிர். கடைசி வரியில் கேடயம் மின்னுகிற மாதிரிகூட எழுதியாகிவிட்டது.

அவளும் நோட்பேடைத் திறந்து பெயர்களை அடிக்கத் தொடங்கியிருக்கிறாள். நாலு அடித்தாள். ஐந்தாவது பெயருக்கு யோசிக்கும்போது, நாளைக் காலை இதை அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவார் என்று தோன்றியது. கடைசிக்கு முந்தைய கட்டத்தில் அம்மா பெயரையும் எழுதுவார்.

நாலையும் அழித்தாள். நானும் என் முதல் பிரதியை அழித்தேன்.

5

நண்டைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவரிடம் நேராகவே சொன்னாள்.

"அப்பா, வைரஸ் எதுவுமே வரல. இந்தக் கேடயம்தான் திருடன்."

சூசைநாதன் திரைக்கு முன்னால் குனிந்தார். கோபப்படவில்லை. கம்பெனி கேட்டில் ஆளை விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"எப்டி உள்ள வந்தான்?"

"நீதாம்பா அலவ் குடுத்த."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருடம், முதலாளியின் மச்சானையே பெயர் எழுதாமல் உள்ளே விட்டதில்லை என்று பெருமை பேசுகிற மனிதர்.

"பேரு சொன்னான். எங்கேர்ந்து வர்றேன்னு சொன்னான். கேக்கறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் சொன்னான்டி" என்றார். பிறகு மெதுவாக, "அதான். கேக்கறதுக்கு முன்னால சொல்றவன விடக் கூடாது."

"எனக்கும் தெரியும்பா."

"இன்னா தெரியும்?"

"இது டுபாக்கூர்னு. ரெண்டு மாசமாவே கொஞ்சம் டவுட்டு."

"தெரிஞ்சிமா தெனம் எத்தினி எத்தினின்னு கேட்ட? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்கிட்ட வேற இன்னா பேசுவ?"

சூசைநாதன் நோட்டைக் கையில் எடுத்தார். தொட்டியில் நண்டு ஓடு உரசுகிற சத்தம் கேட்டது.

(இந்த மௌனத்துக்கு ஒரு பாரா எழுதிவைத்திருந்தேன். நல்ல பாரா. எடுத்துவிட்டேன்.)

அப்புறம் அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். ஜூன் பதினான்கு. பெயர்: கேடயம். வந்த நேரம்: 10.20. யாரைப் பார்க்க: காவலுக்கு. வெளியே போன நேரம்: காலி.

"எடு. டைம் போடணும்."

அவள் கணினியை சேஃப் மோடில் போட்டாள். கேடயம் 'நிச்சயமாக வெளியேற்ற வேண்டுமா?' என்று கேட்டது. "பட்டன நீ அமுக்குப்பா" என்றாள். சூசைநாதன் மவுஸைப் பிடித்தார். அழுத்தினார். பென்டிரைவில் கொண்டுவந்த நல்ல ஆன்ட்டிவைரஸை வைத்து அவள் மறுபடி தேடிப் பார்த்தாள். சுத்தம். 'அம்மா' ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். எல்லாப் போட்டோவும் இருந்தன.

"யாரும் கை வெக்கலியே?"

"யாருமே வரலப்பா."

அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: 11.35. கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு, அந்தப் பதினேழு வரிகளையும் பக்கம் பக்கமாக, ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டே வந்தார். அம்மாவின் பெயர் இருந்த கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு.

6

என் லேப்டாப்பில் பச்சைக் கோடு நூறைத் தொட்டது. ரோஸ்லின் போய்விட்டாள். திங்கட்கிழமை காலை என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு தொடர்கதை எழுதிய எனக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அப்பா தானே கூப்பிடுகிறார். மடை திறந்தது போல் பேசுகிறார். (இத்தனை வருடப் பழக்கம் ஒரு சனிக்கிழமையில் போய்விடுமா? நானே நம்பவில்லை.)

ஆ. மறுபடியும் நாற்பது விநாடி. (இதை நம்புகிறேன். அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.)

இ. இருவரும் சேர்ந்து புதிதாக ஒரு —

விடுங்கள். என்னால் நம்ப முடிந்ததை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை, ஆறேகால். ஓசூரில் பஸ் கிளம்பிவிட்டது. ரோஸ்லின் போனைக் காதில் வைத்திருக்கிறாள். மேம்பாலம் தாண்டினால் சிக்னல் போய்விடும், அதற்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. சோரியாங்குப்பத்தில் ஒரே மணியில் போன் எடுக்கப்படுகிறது.

"சொல்லும்மா."

அவளுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். எட்டு எழுதிக் கொடுத்தேன். எட்டும் தொடர்கதை மாதிரியே இருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் இங்கே எழுதுங்கள். 'சாப்ட்டியாப்பா' மட்டும் வேண்டாம்.

[                    ]

அவசரம் இல்லை. அவர் போனை வைக்கவில்லை. முதல் முறையாக, "வெச்சிடட்டா" என்று கேட்கவும் இல்லை.

"லைன்ல கீறியா, ரோசு?"

"கீறேம்பா."