நீடிப்புக்கு நேர்ந்த கஞ்சி

கையில் அள்ளிய அரிசியைப் பானைக்குள் போடாமல் றம்லா அப்படியே நின்றாள். பின்னால் நின்ற பெண்களுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"போடுங்க ராத்தா, உலை கொதிக்குது. நிய்யத்து வைக்க இவ்வளவு நேரமா?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெனூபா.

மனதுக்குள் வேண்டிக்கொள்கிற நிய்யத்து என்ன பெரிய நிய்யத்து! சாய்ந்தமருதில் அந்த ஒழுங்கையிலுள்ள அத்தனை பெண்களுக்கும் அன்று ஒரே நிய்யத்துத்தான். கடல் கடந்த ஒரு நாட்டில், பாலைவனக் கரையோரம் பாதியில் நிற்கிற அணுமின் நிலையத்தின் கட்டுமான அனுமதியை இன்னும் மூன்று வருடத்துக்கு நீடித்துக் கொடுக்கும்படி அந்த நாட்டு ஆணையத்தின் மனதை அல்லாஹ் இளக்கிவிட வேண்டும். அனுமதி நீடித்தால் இந்த ஒழுங்கையின் ஆண்களுக்கு வேலையும் நீடிக்கும். இல்லாவிட்டால் எல்லோரும் பெட்டியோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டியதுதான். இரண்டு மகன்களையும் அங்கே அனுப்பிவிட்டு இருக்கிற சபியா உம்மாதான் முதலில் வாயைத் திறந்து கஞ்சி நேர்ந்தவர். அணுசக்திக்குக் கஞ்சி நேர்ந்த ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டோ என்னவோ. பிள்ளை சோதனை பாஸாகவும், காணி வழக்கு வெல்லவும், காணாமற்போன ஆடு திரும்பவும் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் இதை மட்டும் ஏன் விடப்போகிறார்கள்? இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லுகிற வீட்டுக்காரிகளும் அன்று ஓசைப்படாமல் வந்து தங்கள் பிடி அரிசியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

றம்லா கண்ணை மூடினாள். 'யா அல்லாஹ், அத நீடிக்காத. என்ட மனுசன ஊட்டுக்கு அனுப்பு.' அரிசியைக் கொட்டிவிட்டு விலகி நின்றாள். நின்ற பிறகுதான் செய்தது உறைத்தது. ஊரே சேர்ந்து ஒன்றைக் கேட்கும்போது அவள் மட்டும் எதிர்ப்பக்கம் கேட்டுவிட்டாள். சபியா உம்மாவின் இரண்டு மகன்களும் வேலையில்லாமல் வரட்டும் என்றல்லவா கேட்டிருக்கிறாள்! ஒரே பானைக்குள் இப்படி இரண்டு நிய்யத்துப் போனால் கஞ்சி மார்க்கப்படி கூடுமா கூடாதா என்று ஒரு மௌலவியிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அவர் அஸர் தொழுகைக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடுவார்.

அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. இது பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர். றம்லாவின் வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டுக்கு ஸஹீத் ஒரு பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்தான். அந்த வருடமே அதே பெட்டியோடு வெளிநாட்டுக்குப் போனான். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். வந்தால் அடுப்படி வாசலில் நின்று சீனிப் போத்தல் எங்கே என்று கேட்பான். எந்தச் சுவிச்சைப் போட்டால் எந்த லைற் எரியும் என்று கேட்பான். கேட்டுக் கேட்டுப் பழகி வருகிற நேரம் பயண நாள் வந்துவிடும். போன தடவை வந்தபோது மகள் நஜ்லா பெரிய பிள்ளையாகியிருந்தாள். வாப்பா அறைக்குள் நுழைந்ததும் அவள் அவசரமாகத் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தாள், பிறத்தி ஆம்பிளை யாரோ வந்துவிட்டதுபோல. ஸஹீத் அதைக் கண்டும் காணாததுபோல வெளியே போய்விட்டான். றம்லா அன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இன்னும் மூன்று வருடம் என்றால் நஜ்லாவுக்கே மாப்பிள்ளை பார்க்கிற வயது வந்துவிடும். பிறகு வாப்பா எதற்கு?

கஞ்சி இறக்குகிற நேரத்துக்கு ஏஜென்சிக்காரர் பளீல் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இந்த ஒழுங்கையின் ஆண்களை எல்லாம் விமானம் ஏற்றியவர் அவர்தான். வாய் திறந்தால் சந்தையையே விற்றுவிடுவார். வளவுக்குள் கதிரை போட்டுக்கொண்டு, அந்த ஆணையம் நாளைக்கு நடத்தப்போகிற விசாரணையைப் பற்றி விளக்கினார். கம்பனிக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் தகராறு வந்து வேலை நெடுங்காலம் நின்றுபோயிருந்தது. அதற்குள் அனுமதியின் காலம் முடியப்போகிறது. ஏன் தாமதம், அத்தனை காலம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்த கட்டடம் இன்னும் நல்லதுதானா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆணையம் நீடிப்புக் கொடுக்கும். பொதுமக்களும் பேசலாம், தொழிலாளரின் குடும்பமும் பேசலாம், இங்கிருந்தபடியே லெப்டொப்பில் பேசலாம்.

"நம்மட பக்கத்தால ஒரு பொம்புள கதைச்சா அதுக்கொரு மதிப்பு. ஸஹீத் அங்க கம்பி கட்டுற ஆக்களுக்கெல்லாம் தலைவன். அதனால றம்லா கதைக்கட்டும். சிபானா இங்கிலீஸ்ல செல்லட்டும். ரெண்டே ரெண்டு வசனம் போதும்" என்றார் பளீல்.

சிபானா எதிர்வீட்டுப் பெண். கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அவளுடைய புரிசன் பாயிஸ் ஸஹீத்தின் கீழேதான் கம்பி கட்டுகிறான். பளீல் சொன்னதற்கு அவள் ஓம் என்று தலையாட்டினாள். றம்லாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எதிர் நிய்யத்து வைத்தவளின் தலையிலேயே இது வந்து விழுந்தால் வேறென்ன செய்வது?

அஸருக்குப் பிறகு ஸஹீத் போன் எடுத்தான். நாளைக்குக் கதைக்கப்போகிற செய்தி அங்கேயும் போயிருந்தது.

"வேலையால எங்கட குடும்பம் நல்லா இருக்கு எண்டு செல்லு. அவ்வளவுதான். கண்டதக் கதைச்சிராத றம்லா" என்றான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தக் கம்பிக் கதைய வாயில எடுத்திராத, என்ன?" என்றான்.

கம்பிக் கதை இதுதான். வேலை மறுபடி தொடங்கிய நாட்களில் ஒரு தடவை அவன் மனம் பொறுக்காமல் சொல்லியிருந்தான். நின்றுபோன சுவர்களிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் கடல் காற்றில் கறள் பிடித்துச் செதில் செதிலாகக் கழலுகிறது. அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மேலேயே கொங்கிறீட் போடச் சொல்கிறார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று றம்லாவுக்குத் தெரியும். லீவில் வந்தபோது நஜ்லாவுக்கென்று இந்த வீட்டில் மேல்மாடி எழுப்ப நீட்டிவிட்டிருந்த கம்பிகளில் கறள் ஏறியிருந்ததைக் கண்டு, ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி போட்டவன். மாடியை முடித்தானா என்றால் அதுதான் இல்லை. அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

"இஞ்சருங்க" என்றாள் றம்லா. "அவங்க நீடிக்காட்டி நீங்க ஊட்டுக்கு வந்துருவீங்கதானே?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"வந்து? உன்ட ஊட்டுல இருந்துக்கிட்டு நான் என்ன செய்ற?"

உன்ட ஊடு. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. போனை வைத்த பிறகும் அது காதுக்குள்ளேயே நின்றது. கோபம் வந்தது, அதைவிடக் கூடுதலாகப் பயம் வந்தது. சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் யாரும் கடலோரத்தில் கட்டிய எதையும் முழுதாக நம்புவதில்லை. இவன் அந்தக் கடலோரத்தில், அந்தக் கம்பியின் காலடியில் படுத்து எழும்புகிறான். ஒருநாள் அதற்குள் அணு நெருப்பை மூட்டுவார்கள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் அவள் வாய் திறந்து, வேலை நின்று, இன்னாருடைய பெண்சாதி சொல்லித்தான் நின்றது என்று ஊர் பேசினால், அவன் வீட்டுக்கு வருவானா, வந்தாலும் அவளுடைய முகத்தைப் பார்ப்பானா? அன்று அவள் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். "உம்மா, உங்களுக்கு என்ன நடந்த?" என்று நஜ்லா கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் ளுஹர் தொழுதுவிட்டு எல்லாப் பெண்களும் சிபானாவின் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெண்கள் இருக்கிற இடமென்பதால் பளீல் வெளியே விறாந்தையில் கதிரை போட்டுக்கொண்டார். திறந்திருந்த கதவால் அவருடைய முழங்கால் மட்டும் தெரிந்தது. லெப்டொப் திரையில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். யார் யாரோ எழும்பி ஆங்கிலத்தில் பேசினார்கள். படம் காட்டினார்கள். கம்பனிக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசினார். கடைசியில் சிபானா றம்லாவின் கையைத் தட்டினாள்.

றம்லா பாடமாக்கிய இரண்டு வசனத்தையும் சொன்னாள். சிபானா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். விறாந்தையில் பளீலின் முழங்கால் திருப்தியோடு ஆடியது. அத்தோடு முடிந்தது என்று பெண்கள் மூச்சு விட்டபோது, மேசையின் ஓரத்தில் இருந்த கண்ணாடி போட்ட பெண் முன்னால் சரிந்து ஏதோ கேட்டாள்.

"ராத்தா, அவ ஒரு கேள்வி கேக்கா" என்றாள் சிபானா. "அங்கத்தைய வேலையப் பத்தி ஸஹீத் காக்கா உங்களுக்கிட்ட என்ன செல்லுவார் எண்டு."

'நல்ல வேலை எண்டு செல்லுவார்.' அவ்வளவு சொன்னால் போதும், எழும்பிப் போய்விடலாம். நாக்கில் வந்து நின்றதோ கம்பிக் கதை. சொல்லப்போவது உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உண்மைக்காகச் சொல்கிறேனா, புரிசனை வீட்டுக்கு எடுப்பதற்காகச் சொல்கிறேனா, உன்ட ஊடு என்ற சொல்லுக்குப் பழி வாங்குவதற்காகச் சொல்கிறேனா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. திரையிலிருந்த பெண் அவசரப்படவில்லை. பேனையைப் பிடித்தபடி இருந்தாள். ஊரில் யாரும் றம்லாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு இப்படிக் காத்துக்கொண்டிருந்ததில்லை.

"கம்பியெல்லாம் கறள் பிடிச்சுச் செதில் கழருது எண்டு செல்லுவார்" என்றாள் றம்லா. குரல் விறாந்தைவரை போகாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "பிரஷ் போட்டுட்டு அதுக்கு மேலயே கொங்கிறீட் போடச் செல்றாங்களாம். தன்ட ஊடெண்டா அந்தக் கம்பிய வெட்டி வீசிப்போடுவாராம்."

சிபானாவின் விரல் போய் மைக்கை மூடியது.

இப்போது கத்தப்போகிறார்கள் என்று றம்லா தலையைக் குனிந்துகொண்டாள். சபியா உம்மா மண்ணை வாரித் தூற்றுவார், ஜெனூபா தலைமுடியைப் பிடிப்பாள். ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். ஜெனூபா பாயின் ஓலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். என்ன கம்பி என்று யாருமே கேட்கவில்லை.

"உங்களுக்கும் செல்லிட்டாரா?" என்றாள் சிபானா, மெதுவாக. "பாயிஸும் இதத்தான் சென்னவரு. ஒருத்தருக்கும் செல்லாத எண்டவரு."

அப்படியென்றால் நேற்று அந்தப் பானையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆளுக்கொரு பிடி போட்டிருக்கிறார்கள்.

"என்ன புள்ள, சத்தத்தக் காணல்ல? லைன் போயிட்டா?" என்று விறாந்தையிலிருந்து பளீல் கேட்டார்.

திரையில் கண்ணாடிக்காரப் பெண் தலையைச் சாய்த்து, கேட்கிறதா என்று கையால் காட்டினாள். சிபானா பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. கடைசியில் அவளுடைய பார்வை சபியா உம்மாவிடம் வந்து நின்றது.

சபியா உம்மா ஒரு கையை நிலத்தில் ஊன்றி எழும்பினார். இரண்டு மகன்களின் பெயரையும் வாய்க்குள் சொன்னாரோ, ஸலவாத்துத்தான் சொன்னாரோ, உதடு அசைந்தது. நேரே போய் விறாந்தைக் கதவைச் சாத்தினார்.

"என்னகா இது? ஏன் கதவச் சாத்துறீங்க?" என்று பளீலின் குரல் உயர்ந்தது. கதிரை தரையில் இழுபட்டது.

சபியா உம்மா நாதாங்கியைப் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவருக்குப் பக்கத்தில் கதவின் கைபிடி கீழே இறங்கியது, மேலே வந்தது, மறுபடி இறங்கியது. சிபானா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு மைக்கைத் திறந்தாள்.